மறுபடி போடு

முதல் நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்த பையனுக்கு நாற்காலி போதவில்லை. ஆறடி நாலு அங்குலம், 140 கிலோ. வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்து வெள்ளை டேப் சுற்றியிருந்தான். மிச்ச விரல்களுக்கு நடுவில் பென்சிலை இடுக்கிக்கொண்டு, புள்ளியியல் புத்தகத்தைத் திறந்து வைத்து, "எனக்கு இது வராது, கோச்" என்றான். அவர்களுக்கு எதையாவது சொல்லித்தருகிற எல்லோருமே கோச்தான். அன்றிலிருந்து நானும் கோச் ஆனேன்.

அது 2012 செப்டம்பர். மதுரையிலிருந்து எம்.எஸ். படிக்கப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவின் மத்திய மேற்கில், சுற்றிலும் மக்காச்சோள வயல், நடுவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், அதன் நடுவில் பிரம்மாண்டமான ஒரு ஸ்டேடியம். மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். நூலகத்தில் இடமில்லை, மெஸ்ஸில் இடமில்லை. விளையாட்டு வீரர்களுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் தேவை என்ற நோட்டீஸைப் பார்த்துப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு வருடம் அந்தச் சம்பளத்தில்தான் வாடகை கட்டினேன்.

சேரும் முன்பு அரை நாள் பயிற்சி. வீரர்களுக்காக ஒரு வரிகூட எழுதித்தரக் கூடாது. அவர்கள் லேப்டாப்பில் கை வைக்கக் கூடாது. காரில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, சாப்பாடு வாங்கித்தரக் கூடாது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவின் விதிகள் அப்படி. மீறினால் பையனின் ஆட்டத்துக்கே ஆபத்து. எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் ஆடுவது நம் ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோதும் அமெரிக்க ஃபுட்பால். நான்கு முயற்சிக்குள் பந்தைப் பத்து கெஜம் முன்னே கொண்டு போக வேண்டும். போய்விட்டால் மறுபடி நான்கு முயற்சி கிடைக்கும். ஒரு முயற்சி ஐந்தாறு விநாடிதான். அதற்குள் பதினொரு பேரும் அவரவர் வேலையைப் பிசகாமல் செய்தாக வேண்டும். என் பையன் ஆஃபென்சிவ் லைன்மேன். பந்தைத் தொடவே மாட்டான். பந்து வைத்திருப்பவன் மேல் எதிராளி பாயாமல் மறித்து நிற்பதுதான் அவன் வேலை.

அன்றைய பாடம் நிபந்தனை நிகழ்தகவு. பகடை, சீட்டுக்கட்டு, சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே சொல்லிப் பார்த்தேன். அவன் முகம் அப்படியே இருந்தது. சும்மா பேச்சுக்கு, "இந்த வாரம் யாரோட ஆட்டம்?" என்று கேட்டேன். சொன்னான். "அவங்க எப்போ அதிக ஆளை அனுப்பிப் பாய்வாங்க?" உடனே நிமிர்ந்தான். "மூணாவது முயற்சி, ஏழு கெஜத்துக்கு மேல பாக்கின்னா பத்துல ஆறு தடவை. அதுவும் அவங்கள்ல கடைசியா பின்னால நிக்கிற சேஃப்டி ரெண்டடி முன்னால வந்து நின்னா பத்துல ஒன்பது தடவை." நான் பென்சிலை வாங்கி அதையே எழுத்தில் எழுதிக் காட்டினேன். 'இது நடந்திருந்தால், அது நடக்க எவ்வளவு வாய்ப்பு?' அவன் அந்தக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றான். பிறகு வரிசையாக ஆறு கணக்கு. ஆறும் சரி.

அவனுக்குக் கணக்கு வராமலில்லை. அவனுக்குத் தெரிந்ததற்குப் பெயர் கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பேரிடம் இதையே பார்த்தேன். வேலைக்குப் போகும்போது அவர்களைத் தடுக்கிவிட்டதும் இதேதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவர்களுடைய ஒரு நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு எடைப் பயிற்சி. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. ஒன்றரைக்கு மீட்டிங், மூன்றரைக்கு மைதானம், ஏழுக்குச் சாப்பாடு, ஏழரைக்கு எங்களிடம். என்சிஏஏ விதிப்படி சீசனில் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம்தான். ஆனால் ஆட்ட நாளை, காலையிலிருந்து இரவு வரை இழுத்தாலும், மூன்று மணி நேரம் என்றுதான் கணக்கில் எழுதுவார்கள். 'தானாக விரும்பிச் செய்யும்' பயிற்சி கணக்கிலேயே வராது. 2014-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் தொழிற்சங்கம் அமைக்க மனுப் போட்டபோது, தொழிலாளர் வாரியத்தின் வட்டார அதிகாரி விசாரித்து, சீசனில் அவர்கள் வாரத்துக்கு 40 முதல் 50 மணி நேரம் ஆட்டத்துக்கே செலவிடுகிறார்கள் என்று எழுதினார். அடுத்த வருடம் மேல் வாரியம் அந்த மனுவை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. ஆனால் அந்த மணிக்கணக்கு நான் கண்ணால் பார்த்தது.

இதனால் மதியம் லேப் இருக்கிற எந்தப் படிப்பும் அவர்களுக்கு எட்டாது. மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்டு வந்த ஒருவனை, நேரம் ஒத்துவராது என்று சொல்லி இரண்டாவது செமஸ்டரிலேயே வேறு துறைக்கு மாற்றினார்கள். கோடை விடுமுறையிலும் பயிற்சி உண்டு என்பதால் இன்டர்ன்ஷிப் கிடையாது. வேலைவாய்ப்புக் கண்காட்சிகள் நடப்பதும் மதியத்தில்தான். நாலு வருடம் கழித்துப் பட்டத்தோடு வெளியே வரும்போது அவர்களுடைய ரெஸ்யூமே காலியாக இருந்தது. என்சிஏஏ வெளியிடும் கணக்குப்படியே, கல்லூரியில் ஆடுகிறவர்களில், சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை லீகான என்எஃப்எல்லுக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மற்றவர்களுக்கு 22, 23 வயதில் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் 18 வயதில் வந்து சேரும் ஒவ்வொருவனும் அந்த இரண்டு பேரில் தானும் ஒருவன் என்றுதான் நம்புகிறான்.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டியூட்டர்கள் சிலரை அணியோடு ஒரு நாள் இருக்கக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் ஆட்டத்தில் ஜெயித்திருந்தார்கள். ஏதோ கொண்டாட்டம் என்று நினைத்துப் போனேன். லைன்மேன்களின் அறை சின்ன தியேட்டர் மாதிரி இருந்தது. விளக்கை அணைத்தார்கள். ஆட்டத்தின் வீடியோ ஓடத் தொடங்கியது. ஒரு முயற்சி ஓடி முடிந்ததும் கோச், "மறுபடி போடு" என்றார். போட்டார்கள். "மறுபடி போடு." லேசர் புள்ளி என் பையனின் இடது காலில் போய் நின்றது. "மறுபடி." அந்த ஐந்து விநாடியை ஏழு தடவை பார்த்தோம். பந்து கிளம்பியதும் அவன் இடது காலை அரை அடி அதிகமாகப் பின்னால் வைத்துவிட்டான். அந்த அரை அடியில் எதிராளி உள்ளே நுழைந்துவிட்டான்.

"என்ன ஆச்சு?" என்றார் கோச்.

"கால் பின்னால போயிருச்சு. அவன் வெளிப்பக்கமா வருவான்னு முன்கூட்டியே முடிவு பண்ணிட்டேன்."

"அடுத்த தடவை?"

"முதல் அடியைக் குட்டையா வைக்கிறேன். அவன் தோள் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்த்துட்டு அடுத்த அடி."

"சரி. அடுத்தது."

அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவனுக்காகப் பரிதாபப்படவும் இல்லை. அவன் குனிந்து நோட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டான். அடுத்து பக்கத்தில் இருந்தவனின் தப்பு ஓடியது. ஜெயித்த ஆட்டத்தில் அப்படி முப்பது தப்பாவது பார்த்தோம். நன்றாகச் செய்ததையும் அதே குரலில், அதே மாதிரி மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பத்தாம் வகுப்பில் எங்கள் கணக்கு வாத்தியார் மார்க் வரிசையில் பேப்பரைக் கொடுப்பார். கடைசியில் வாங்குகிறவன் எழுந்து போகும்போது வகுப்பே அவனைப் பார்க்கும். தப்பு என்பது செய்தவன் மேல் ஒட்டிக்கொள்ளும் கறை என்றே எனக்குப் பழகியிருந்தது. இங்கே தப்பு வேறு, ஆள் வேறு. காலைப் பற்றித்தான் பேசினார்கள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதினெட்டு வயதிலிருந்து வாரா வாரம், இருபது பேர் முன்னால், தன் தப்பைப் பெரிய திரையில் பார்த்துப் பழகியவன் வேலைக்குப் போனால் எப்படி இருப்பான் என்று அப்போதே யோசித்தேன். அடுத்த பத்து வருடத்தில் அதைப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது.

2014-இல் படிப்பு முடிந்து ஒஹாயோவில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தேன். மூன்றாவது மாதம், நான் மூன்று வாரம் உழைத்துத் தயாரித்த அறிக்கையை என் மேனேஜர் அத்தனை பேர் உட்கார்ந்திருந்த மீட்டிங்கில் வரி வரியாகப் பிரித்துப் போட்டார். இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்த இருட்டு அறை ஞாபகம் வந்தது. அவரிடம் போய், "வெள்ளிக்கிழமை இருபது நிமிஷம் ஒதுக்கித்தர முடியுமா? அந்த வாரம் நான் செய்ததில் ரொம்ப மோசமான ஒன்றை நானே கொண்டு வருகிறேன்" என்றேன். ஆச்சரியப்பட்டார், ஒப்புக்கொண்டார். நான் கேட்டதெல்லாம் இரண்டே கேள்வி: எந்த இடத்தில் கால் பிசகியது, அடுத்த தடவை முதல் அடியை எப்படி வைப்பது. ஒரு நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வேன். எட்டு மாதம் அப்படிச் செய்தோம். வேலையில் எனக்கு வந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு அந்த வெள்ளிக்கிழமைகளில் வந்தது என்று இன்றும் நினைக்கிறேன். செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று: பத்துத் தப்பைக் கொண்டு போகாதீர்கள், ஒன்றே ஒன்று போதும். அப்புறம், தப்பைக் கண்டுபிடித்தவர் 'அடுத்தது' என்று சொன்னதும் நீங்களும் அதை விட்டுவிட வேண்டும். எனக்குக் கஷ்டமாக இருந்தது இந்த இரண்டாவதுதான்.

இனி பையன்களின் கதை.

லைன்மேன் இப்போது எலும்பு அறுவைச் சிகிச்சைக் கருவிகள் விற்கிறான். மூட்டு மாற்று, ஸ்க்ரூ, பிளேட். அங்கே இந்த வேலையில் இருப்பவர்கள் ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே நின்று, எந்த அளவு, எந்தக் கருவி என்று டாக்டருக்கும் நர்சுக்கும் எடுத்துச் சொல்வார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அவனுக்கு அது பழகின நேரம். ஒவ்வொரு ஆபரேஷன் முடிந்ததும் காரில் உட்கார்ந்து பத்து நிமிடம் எழுதுவான்: எங்கே தாமதமானது, எந்த டிரேயை முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கலாம், இந்த டாக்டர் எந்த வரிசையில் கேட்கிறார். மூன்று வருடத்தில் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு நோட்டு. கேட்கும் முன்பே கையில் கருவி இருக்கும். "டாக்டரோட தோள் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பார்ப்பேன், கோச்" என்றான் ஒருமுறை.

இந்த வேலை அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் சொல்ல வேண்டியதுதான். கடைசி சீசனுக்கு முந்தின வசந்தத்திலேயே, அதே அணியில் முன்பு ஆடியவர்கள் நாற்பது பேருக்குக் கடிதம் எழுதினான். வேலை கேட்கவில்லை. "உங்கள் வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும், பதினைந்து நிமிஷம் சொல்ல முடியுமா?" என்று மட்டும் கேட்டான். பதினொரு பேர் பேசினார்கள். அதில் ஒருவர்தான் பின்னால் அவனைக் கூப்பிட்டார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அந்த வீரனோடு பேச எல்லோருக்கும் ஆசை இருக்கும். முடிந்து ஆறு மாதம் ஆனால் போனை எடுக்க ஆள் இருக்காது. ஆகவே எழுத வேண்டிய நேரம், ஜெர்சி இன்னும் உடம்பில் இருக்கும்போது.

உடம்பைப் பற்றியும் சொன்னான். 140 கிலோ என்பது அவன் உடம்பு கேட்டதல்ல, ஆட்டம் கேட்டது. கடைசி ஆட்டம் முடிந்த மறுநாளே, தட்டை மாற்று என்று மூத்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஒன்றரை வருடத்தில் 40 கிலோ குறைத்தான். தோள்பட்டை மட்டும் சரியாகவில்லை. படிப்பு முடிந்ததும் அணியின் மருத்துவர்கள் அவனுக்கு இல்லை. 2010-இல் வந்த சட்டப்படி 26 வயது வரை பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம் என்பதால், 25-ஆவது வயதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டான். ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தால் கைக்காசு போயிருக்கும்.

அடுத்தவன் வாக்-ஆன். உதவித்தொகை இல்லாமல், தானாக வந்து தேர்வில் கலந்துகொண்டு சேர்கிறவர்களை அப்படிச் சொல்வார்கள். லாங் ஸ்னாப்பர்: குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பதினைந்து கெஜம் பின்னால் எறிவது மட்டும்தான் வேலை. அவனுக்கு என் உதவி அவ்வளவாகத் தேவைப்படவே இல்லை. கணக்கியல் படித்தான். சாதாரணப் பட்டத்துக்கு 120 கிரெடிட். அங்கே ஆடிட்டர் ஆவதற்கான சிபிஏ உரிமத்துக்கு அப்போது 150 வேண்டியிருந்தது. கல்லூரி வீரனுக்கோ நாலு சீசன் ஆடி முடிக்க ஐந்து வருடம் தந்தார்கள். இந்த இரண்டையும் 18 வயதிலேயே பொருத்திப் பார்த்து, ஐந்து வருடத்தில் முதுகலையோடு வெளியே வந்தான். ஆட்டம் நிச்சயம் முடியும் என்று முதல் நாளே ஏற்றுக்கொண்டவன் அவன். அதனால்தான் அவனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

மூன்றாமவனைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். சேஃப்டி. தடுப்பு வரிசையில் எல்லோருக்கும் பின்னால் நின்று, முழு ஆட்டத்தையும் பார்த்து, மற்றவர்களுக்குச் சைகை காட்டி மாற்றுகிறவன். டெட்ராய்ட்டில் பஸ் ஓட்டும் அம்மாவின் ஒரே மகன். மூன்று வருடம் தொடர்ந்து ஆடியவன். அவன் என்எஃப்எல் போவான் என்று அவன் மட்டும் நம்பவில்லை, நானும் நம்பினேன். கடைசி செமஸ்டரில் மூன்று பாடங்களை அப்படியே விட்டுவிட்டு, ஜனவரியில் தனிப் பயிற்சிக்குப் போனான். 2014 மே மாதம், என்எஃப்எல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட். மூன்று நாள், ஏழு சுற்று, 256 பேர். சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டில் கூடியிருந்தார்கள். போனை மேசை நடுவில் வைத்திருந்தானாம். அது அடிக்கவே இல்லை. அடுத்த வாரம் ஓர் அணி மூன்று நாள் முகாமுக்குக் கூப்பிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கைகொடுத்து, விமான டிக்கெட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதன் பின் எட்டு மாதம் அவன் யாருக்கும் கிடைக்கவில்லை. 2015 ஜனவரியில் ஒரு ராத்திரி போன் வந்தது. "கோச், காலைல அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருது. எந்திரிச்சு உக்காந்துடறேன். எங்கயும் போக வேண்டியதில்ல." பதினெட்டு வயதிலிருந்து அடுத்த நாளின் ஒவ்வொரு மணி நேரத்தையும் அச்சடித்து அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுவது, எந்த உடை, எந்த பஸ், என்ன சாப்பாடு. அந்தக் காகிதம் நின்றுபோனது. ஆட்டம் போனதைவிட அதுதான் அவனை அதிகம் ஆட்டிவிட்டது என்று அன்று ஒன்றரை மணி நேரம் பேசியதில் புரிந்தது. நான் சொன்னது ஒன்றே ஒன்று: நாளைக்கான காகிதத்தை இன்று ராத்திரி நீயே எழுது. ஐந்து மணி, ஓட்டம். ஏழு மணி, அம்மாவுக்குக் காபி. ஒன்பது மணி, விட்டுப்போன பாடங்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்குப் போன். எழுதிப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். நான்கு மாதம் தினமும் அனுப்பினான். சில நாள் இரண்டே வரி இருக்கும். ஆனாலும் அனுப்பினான்.

சனிக்கிழமை ஒன்றில் ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தோம். கல்லூரிப் பெயர், வருடங்கள், ஃபுட்பால் அணி. அதற்குக் கீழே எழுத எதுவும் இல்லை என்றான்.

"ஒரு வாரத்துக்கு எவ்வளவு படிக்கணும் உனக்கு?"

"எதிரணியோட கடைசி நாலு ஆட்டம். ஒவ்வொண்ணுலயும் அறுபது, எழுபது முயற்சி."

"அதுல என்ன பார்ப்ப?"

"எந்த இடத்துல யார் நின்னா என்ன செய்யறாங்கன்னு. எழுதி, வியாழக்கிழமைக்குள்ள மத்தவங்களுக்குச் சொல்லணும்."

"ஆட்டத்துல?"

"அவங்க வரிசை மாறினா, பத்து விநாடிக்குள்ள நம்ம பத்துப் பேரையும் மாத்தி நிறுத்தணும். கத்தினா கேக்காது. கையாலதான்."

"அதை எழுது" என்றேன். அதிலிருந்து ஃபுட்பால் வார்த்தை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வேலை வார்த்தைகளைப் போட்டோம்: வாரத்துக்கு 250 நிகழ்வுகளை ஆராய்ந்து போக்குகளைக் கண்டறிந்தது, பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நேரடி முடிவுகளைத் தெரிவித்தது, ஆறு மணிப் பயிற்சிக்கு மூன்று வருடத்தில் ஒருமுறைகூடத் தாமதமாக வராதது. அவன் அதைப் படித்துவிட்டு, "இது நானா?" என்றான். லைன்மேன் அன்று அந்த நிகழ்தகவுக் காகிதத்தைப் பார்த்த அதே பார்வை.

எங்கள் கம்பெனியிலேயே கிளெய்ம்ஸ் பிரிவில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கார் விபத்து, கூரையைப் பிய்த்த புயல், வெள்ளம் புகுந்த வீடு. அழுதுகொண்டும் கோபத்தோடும் போன் செய்கிறவர்களிடம் பேசி, என்ன நடந்தது என்று கேட்டு, எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்கிற வேலை. நான் பெயரை மட்டும் சொன்னேன். இன்டர்வியூவில், ஃபுட்பால் கதையை அவர்களாகக் கேட்கும் வரை நீ எடுக்காதே என்று சொல்லி அனுப்பினேன். கதையில் மயங்கி வேலை கொடுக்கிற இடத்தில் ஆறு மாதத்தில் கதை தீர்ந்துவிடும். வேலை கிடைத்தது. விட்டுப்போன மூன்று பாடங்களை ஆன்லைனில் முடித்து 2016-இல் பட்டமும் வாங்கினான். ஆட்டத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட நினைக்கிற எந்தப் பையனிடமும் நான் சொல்வது இதுதான்: அந்த ஒரு செமஸ்டரை முடித்துவிட்டுப் போ. திரும்பி வந்து முடிக்க முடியும், ஆனால் பட்டம் இல்லாமல் விண்ணப்பப் படிவங்களை நிரப்பும் மாதங்கள் ரொம்பக் கனமானவை.

இந்த மாதிரிப் பேச்சில் எல்லோரும் பெரிய பெயர்களைத்தான் சொல்வார்கள். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978-இல் முடித்த ஆலன் பேஜ், பிறகு அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் 1993 முதல் 2015 வரை நீதிபதியாக இருந்தார். பென் ஸ்டேட்டில் லைன்மேனாக ஆடியபடியே கணிதத்தில் முதுகலை முடித்து, இளநிலை மாணவர்களுக்கு வகுப்பும் எடுத்த ஜான் அர்ஷல், எம்ஐடியில் முனைவர் பட்டம் வாங்கி இப்போது அங்கேயே பேராசிரியர். அவர் கல்லூரியில் ஆடிய காலமும் நான் டியூட்டராக இருந்த காலமும் ஒன்று. எங்கள் பையன்களிடம் அவர் பெயரைச் சொல்லாத நாளில்லை. ஆனால் அவர்கள் ஆட்டம் இல்லாவிட்டாலும் எங்கோ போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். என் லைன்மேனும் சேஃப்டியும் சாதாரணப் பிள்ளைகள். அதனால் அவர்கள் வழிதான் மற்றவர்களுக்கு உதவும்.

அர்ஷல் 2017 ஜூலையில், 26 வயதில், ஆட்டத்தை விட்டார். அதற்கு இரண்டு நாள் முன்புதான், இறந்துபோன வீரர்களின் மூளையைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று வெளியாகியிருந்தது. என்எஃப்எல்லில் ஆடிய 111 பேரில் 110 பேருக்கு சிடிஇ என்ற மூளைச் சிதைவு. கல்லூரி மட்டத்தில் ஆடிய 53 பேரில் 48 பேருக்கு. குடும்பத்தார் சந்தேகப்பட்டுத் தானமாகக் கொடுத்த மூளைகள் அவை. எல்லா வீரர்களுக்கும் அந்த விகிதத்தை வைக்க முடியாது என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். இருந்தாலும், அந்த வாரம் லைன்மேன் கூப்பிட்டு, "ஆயிரம் தடவையாவது தலையால மோதியிருப்பேன், கோச்" என்றபோது எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. என் மகன் இந்த ஆட்டத்தை ஆடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தப் பையன்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஆட்டத்தை அல்ல, அந்த இருட்டு அறையை. அதற்குத் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-இல் ஏற்கப்பட்ட ஒரு வழக்குத் தீர்வின்படி, பல்கலைக்கழகங்களே தங்கள் எல்லா வீரர்களுக்கும் சேர்த்து வருடத்துக்கு 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல் வரை நேரடியாகக் கொடுக்கலாம். நியாயம்தான், வெகு காலம் முன்பே நடந்திருக்க வேண்டியது. ஆனால் விளம்பரப் பணத்தில் வரி பிடிக்காமல்தான் கைக்குத் தருகிறார்கள். ஏப்ரலில் வரி கட்டச் சொல்லும்போது கார் இருக்கும், காசு இருக்காது. ஆடிட்டரான எங்கள் வாக்-ஆன் வருடத்துக்கு இரண்டு வார இறுதிகளில் பழைய கேம்பஸுக்குப் போய், வருகிற ஒவ்வொரு டாலரிலும் மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொடுத்து வருகிறான்.

போன பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தபோது அக்கா மகன் ரெஸ்யூமேயைக் காட்டினான். பி.காம். கடைசி வருடம், கல்லூரிக் கபடி அணி. கடைசி வரியில் 'பொழுதுபோக்கு: கபடி' என்று இருந்தது. "நீ என்ன ஆடுற?" என்றேன். "கார்னர், மாமா." "ரெய்டர் உள்ள வந்தா என்ன பார்ப்ப?" "பின்னங்கால், மாமா. வெயிட் எந்தக் கால்ல இருக்குன்னு. நான் பிடிச்சா மத்த ஆறு பேரும் அதே நொடில சேரணும். நான் அவசரப்பட்டா தொட்டவங்க எல்லாரும் அவுட்." பேப்பரும் பேனாவும் எடுத்து வரச் சொன்னேன்.

சேஃப்டி இப்போது எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். கிளெய்ம்ஸ் போன் பேச்சுகள் எல்லாம் பதிவாகும். திங்கட்கிழமை காலை ஒரு சின்ன அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்து முந்தின வாரத்துப் பேச்சுகளைக் கேட்பார்கள். போன மாதம் நானும் போய் உட்கார்ந்தேன். முதலில் அவன் போட்டது அவனுடைய பேச்சையே. 2015-இல், சேர்ந்த இரண்டாம் வாரம். வீடு எரிந்துபோன ஒரு அம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் குறுக்கிட்டு பாலிசி எண்ணைக் கேட்கிறான். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நாலு விநாடி. அறையில் எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

"என்ன ஆச்சு?" என்று அவனே கேட்டான். யாரும் பேசவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண், போன வாரம்தான் சேர்ந்தவள், மெதுவாகக் கையைத் தூக்கி, "அவங்க மூச்சு வாங்கறதுக்குள்ள நீங்க கேட்டுட்டீங்க" என்றாள்.

"ஆமா" என்றான். "மறுபடி போடு."